அரைநேரம் வரை தண்ணீர் கிடையாது

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விழும் இரண்டு மாதமும் எங்கள் ஊரில் ஆண்களை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. சித்திரை பிறந்ததும் படகுகள் கரையேறிவிடும். காலையில் படகுக்கு அடியில் படுத்துச் சிப்பி சுரண்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் கால்பந்து. மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை உண்டு. வேறு எந்த மாதத்திலும் பதினோரு பேரைச் சேர்ந்தாற்போல் கரையில் பார்க்க முடியாது என்பதால் எல்லா ஆட்டமும் கத்திரி வெயிலில்தான் நடக்கும். இது சரியா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் பன்னிரண்டு வருடம் கடலுக்குப் போனவன். முழங்கால் கெட்ட பிறகு மெயின்ரோட்டில் ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஊர் அணிக்கு நான்தான் கோச். எங்கேயும் படித்து வாங்கிய பட்டம் இல்லை. குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது, அதனால் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. நான் போட்ட சட்டங்களில் முதல் சட்டம், அரைநேரம் வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது என்பது.

அது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கடலில் இருந்து வந்தது. எங்கள் கடலில் இன்று போகும் படகு நாளைக் காலையில் திரும்பிவிடும். ஆனாலும் நல்ல தண்ணீர்க் கேனில் பாதி கரைக்குத் திரும்பி வர வேண்டும் என்பது படகில் ஏறும் எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் நின்று போகலாம், காற்று மாறலாம், எல்லை தாண்டினாய் என்று பிடித்துக்கொண்டு போகலாம். எப்போது கரை சேர்வோம் என்று சொல்ல முடியாத இடத்தில் ஏறியதும் ஏறாததுமாக மடக்மடக்கென்று குடிக்கிறவனை அடுத்த தடவை எவனும் கூப்பிட மாட்டான். தாகத்தை அடக்குவது எங்களுக்கு ஆண்மைக்கான சான்றிதழ் மாதிரி. கரையிலும் கதை அதேதான். ஊர்க் குழாயில் வருவது உப்புக் கரிக்கும், குடிக்கிற தண்ணீரைக் கேனில்தான் வாங்க வேண்டும். அப்படி இருக்கும்போது விளையாட வந்தவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டம்ளரை நீட்டினால் எனக்கு எரிச்சல் வரத்தானே செய்யும். வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் ஓட முடியாது என்று ஒரு காரணமும் வைத்திருந்தேன். அதை எங்கே கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

எங்கள் அணியின் உயிர்நாடி என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி, விசைப்படகு டிரைவர், அப்போது இருபத்தேழு வயது. நடுக்களத்தில் நின்றால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவனே ஓடுவான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். மற்றவர்களைத் திட்டுவதைவிட அவனைத்தான் அதிகம் திட்டுவேன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.

போன வருடம் வைகாசி பிறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னால் அரையிறுதி. எதிரணி திருப்பாலைக்குடி. ஒரே தரவையில் இரண்டு ஆட்டம் நடத்தி முடிக்க வேண்டும் என்பதால் எங்கள் ஆட்டத்தை இரண்டரை மணிக்கு வைத்திருந்தார்கள். தரவை என்பது ஊருக்குப் பின்னால் உள்ள வெட்டவெளி. மூன்று பக்கமும் சீமைக்கருவேலம் சுவர் எழுப்பிய மாதிரி வளர்ந்து நிற்கும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடல்காற்று உள்ளே வராது. மண்ணில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கருவேல நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டோரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் கேனை மூடி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். காவலுக்குக் காவல், நாற்காலிக்கு நாற்காலி.

மச்சினன் ஆட்டத்துக்கு நேராகப் படகுக்கடியிலிருந்து வந்திருந்தான். விடியற்காலையில் தொடங்கிய வேலை. சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. பூட்ஸ் போட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும், பந்து வெளியே போனபோது அவன் என் பக்கம் ஓடி வந்தான்.

"மச்சான், கொஞ்சம் தண்ணி. தல என்னமோ கிறுகிறுங்குது."

"அரைநேரத்துக்குப் பாத்துக்கலாம். ஓடு."

"ஒரு வாய் மட்டும் மச்சான்."

"ஏலே, நீ டிரைவரு. கடல்ல இப்படித்தான் கேப்பியா? நாளைக்கு ஒன்ன நம்பி எவன்டா படகுல ஏறுவான்?"

கோட்டோரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்க முயன்றான். அப்படியே திரும்பி ஓடினான். இன்றைக்கு இவனால்தான் நமக்கு முதல் கோல் என்று நான் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். ரோஷம் ஏறினால் நன்றாக விளையாடுவான் என்று பொருள். சொன்ன மாதிரியே கோலும் விழுந்தது. அவன் கொடுத்த பந்துதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரைநேரத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன். அவன் தன் பங்கை வாங்கிப் பக்கத்தில் இருந்த கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டான். நான் பார்த்தேன். வீம்பு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானாவது கூப்பிட்டுக் குடிடா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கும் வீம்பு.

இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, அவன் பந்தை எடுத்து எதிரணிக்காரன் காலிலேயே கொடுத்தான். அடுத்த முறை பந்து அவனைத் தாண்டிப் போனபோது திரும்பியே பார்க்கவில்லை. பிறகு எங்கள் கோலை நோக்கியே ஓடத் தொடங்கினான். நேராக ஓடவில்லை, தள்ளாடினான். கூட்டம் ஊளையிட்டது. நடுவர் அவனிடம் ஏதோ கேட்க, அவன் நடுவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நங்கூரத்தத் தூக்குங்கடா, நீவாடு இழுக்குது" என்றான். நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். தரவையில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். மொத்த ஊரும் சிரித்தது.

நான் நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். பக்கத்தில் போனதும் அவன் மேலிருந்து குப்பென்று ஒரு நெடி. படகுக்கு அடித்த பெயிண்டில் கலந்த தின்னரின் நெடி அது. அன்றைக்கு என் மூக்குக்கு அது சாராய நெடியாகத்தான் பட்டது. தடைக்காலத்தில் பட்டப்பகலில் குடித்துவிட்டுக் கிடக்கிறவர்கள் ஊரில் குறைவில்லை, அரையிறுதிக்கு இவனும் குடித்துவிட்டு வந்திருக்கிறான், அதுவும் திருப்பாலைக்குடிக்காரன் முன்னால் என் மானத்தை வாங்குகிறான் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். ஓங்கிக் கன்னத்தில் அறைந்தேன். அவன் கையைக் கூடத் தூக்கவில்லை. என்னை யார் என்றே தெரியாதவன் மாதிரி பார்த்தான்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தேன். "அங்கனயே கெட. ஆட்டம் முடியட்டும், ஒனக்கு இருக்கு" என்றேன். இழுத்துக்கொண்டு வந்தபோது அவன் கை என் கையில் சுட்டது. அது எனக்கு உறைக்கவே செய்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வெயிலில் யார் கைதான் சுடாது என்று நினைத்தேன். வேர்வையும் வழிந்துகொண்டுதான் இருந்தது. வெயில் அடித்து விழுகிறவனுக்கு வேர்வை நின்றுபோய்விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அந்த யோசனையே எனக்கு வரவில்லை. மாற்று ஆளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பவும் கேனில் போய் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். நிழல் இருபதடி தூரத்தில் இருந்தது. அவனை வெயிலில் உட்கார வைத்திருந்தேன்.

எத்தனை நிமிடம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒருவன் கத்தியபோது திரும்பினேன். மச்சினன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான், கைகால் வெட்டி இழுத்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். வலிப்பு என்று யாரோ சொல்ல, ஒருவன் பைக் சாவிக் கொத்தை அவன் கையில் திணித்தான். இன்னொருவன் வாயில் சோடா ஊற்றப் போனான். ஆளுக்கு ஒரு வைத்தியம். எனக்கு மட்டும் எதுவும் ஓடவில்லை. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். அந்த மீனையும் நண்டையும் வாங்கி விற்கிற ஒரு பெண், லோடு ஆட்டோவில் பெரிய ஐஸ் பெட்டியோடு எங்கள் ஊருக்குத் தினமும் வருவார். மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவர், ஐம்பது வயது இருக்கும். கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து அவன் நெற்றியிலும் நெஞ்சிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"குடிச்சிருக்கான்" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.

"குடிச்ச ஆள் இப்பிடிக் கொதிக்க மாட்டான். வெயில் மண்டைக்குள்ள ஏறிட்டுது" என்றார். சோடாப் பாட்டிலைத் தட்டிவிட்டார். "வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, நினைவில்லாத ஆளுக்கு நெஞ்சுக்குள்ள போயிடும். என்ர பெட்டிய இறக்குங்கோ."

நான்கைந்து பேர் காரில் தூக்கிப் போட்டு ராமநாதபுரம் கொண்டுபோய்விடலாம் என்று பரபரத்தார்கள். அந்த அம்மா விடவில்லை. ஒருவனை நூற்றியெட்டுக்கு போன் போடச் சொன்னார். "அது வாறதுக்கிடையில சூட்டை இறக்கோணும். ராமநாதபுரம் போய்ச் சேர்றவரைக்கும் இந்தச் சூடு அவனை விட்டு வைக்காது" என்றார். அவர் கொஞ்ச காலம் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் குரலில் இருந்த உறுதியை நம்பித்தான் எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள்.

பெட்டியைச் சாய்த்து அத்தனை மீனையும் நண்டையும் தரவை மண்ணில் கொட்டினார். அவனது சட்டையையும் பூட்சையும் கழற்றி, பெட்டியில் மிஞ்சிய ஐஸுக்குள் உட்கார வைத்தோம். கால் மடங்கி, தலை என் தோளில் கிடந்தது. தண்ணீர் போதவில்லை. "எங்க தண்ணி?" என்றார். நான் கேனைக் காட்டினேன். பக்கத்தில் நின்றவன் அதைத் தூக்கிக் கவிழ்க்கப் போனபோது, யாரோ பழக்கதோஷத்தில், "அது நல்ல தண்ணிடா" என்றான். நானும் அதையே சொல்லியிருப்பேன், வாய் உலர்ந்து போயிருந்ததால் சொல்லவில்லை. முக்கால் கேனுக்கு மேல் அப்படியே இருந்தது. அத்தனையும் அவன் மேல் ஊற்றினார்கள். இரண்டு பேர் ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரும் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா ஐஸை அள்ளி அள்ளி அவன் கழுத்தில் வைத்துக்கொண்டே இருந்தார், துண்டால் விசிறச் சொன்னார். மீன் வாடையும் தின்னர் வாடையுமாக அவனைத் தாங்கிப் பிடித்திருந்தபோதுதான் அது சாராயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஜெபம் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். பாதியில் மறந்து போய் முதலிலிருந்து தொடங்கினேன். இவன் போய்விட்டால் இவன் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவன் உயிரைப் பற்றி நினைக்கும்போதும் என்னைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிற நேரத்தில் அவன் உடம்பு நடுங்கியது. பல் கிடுகிடுத்தது. கண்ணைத் திறந்து, "குளுருது" என்றான். தரவை வெயிலில் ஒருவன் குளிர்கிறது என்று சொல்லக் கேட்டு அத்தனை ஆண்களும் அழுதார்கள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். மூன்று நாள் வரை கிட்னி என்ன சொல்லுமோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம். டாக்டர் சின்னப் பெண். ஐஸில் போட்டது யார் என்று கேட்டார், அவர் இல்லையென்றால் தான் பார்த்து ஒன்றும் ஆகியிருக்காது என்றார். பிறகு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். காலையிலிருந்து என்ன செய்தான், எத்தனை மணிக்கு ஆட்டம், எப்போது தண்ணீர் குடித்தான். ஒவ்வொரு பதிலும் என்னையே காட்டிக் கொடுத்தது.

"கடல்ல கெடக்கிற ஆளும்மா, வெயில் எங்களுக்குப் புதுசா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கடல்ல காத்து இருக்கும். பாதி வேலை ராத்திரில நடக்கும். தொண்ணூறு நிமிஷம் நிக்காம ஓட மாட்டீங்க" என்றார். உழைக்கிற உடம்புக்கு உள்ளேயிருந்தே சூடு வரும், அதை வெளியே தள்ள வேர்வை வேண்டும், வேர்வைக்குத் தண்ணீர் வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். தலைசுற்றல், குமட்டல், தசை பிடிப்பு என்று ஒருவன் சொன்ன உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். பேச்சு குழறினாலோ ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. வேர்வை வருகிறதே என்று ஏமாறக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். இவ்வளவும் தெரியாமல் விசிலை மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள். "கைய நீட்டுனீகளாமே" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் சோறு வைத்தாள், பேசவில்லை. அவள் பேசத் தொடங்க ஆடி மாதம் ஆயிற்று. மீன் விற்கிற அந்த அம்மாவின் வீட்டுக்கு அவளே போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

மச்சினனுக்கு அன்றைக்கு இரண்டாம் பாதியில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. டாக்டரும் அப்படித்தான் இருக்கும் என்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே பிறகு என்னைத் தின்றது. எதிரில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுப்பேன், அவன் என்னை மச்சான் என்பான், என் உள்ளங்கை அரிக்கும். ஊரே பார்க்க அடித்ததை அடிவாங்கியவனுக்கு மட்டும் சொல்லவில்லை. தடை முடிந்து படகுகள் போனபோது அவன் கரையில் நின்றான். வெயிலில் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆவணியில்தான் திரும்பக் கடலுக்குப் போனான். அதுவரை அவன் கரையில் நிற்பதைப் பார்க்கும் போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் எடுப்பேன், வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருடக் கோப்பைக்குக் கூட்டம் போட்டபோது நான்தான் முதலில் எழுந்தேன். ஆட்டம் காலை ஆறு மணிக்கு, இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல், நடுவில் எதுவும் கிடையாது என்றேன். காலையில் எவன் வந்து கைதட்டுவான் என்று ஒருவர் கேட்டார். கோச்சுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று இன்னொருவர் கேலி செய்தார். பிறந்துவிட்டது, உங்கள் வீட்டுப் பையனை வைத்து உங்களுக்குப் பிறக்க வேண்டாம் என்று கத்தினேன். கோபத்தை அந்த ஒரு தடவை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். கால் மணிக்கு ஒரு தரம் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர், நான்கு மூலையிலும் பானை, உப்புப் போட்ட மோர், முதல் பத்து நாள் பாதி நேரப் பயிற்சி, பந்தல் நிழல், ஓரத்தில் ஒரு பெரிய பெட்டி நிறைய ஐஸ். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்தன்று வெயில் ஏறுவதற்குள் தண்ணீருக்கான முதல் விசிலை நான் ஊதினேன். எல்லாரும் பானைக்கு ஓடினார்கள். மச்சினன் எங்கள் அணியில் இருந்தான், அரை ஆட்டத்துக்கு மட்டும். டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றான். அதற்கு மேல் என்னால் மறைத்து வைக்க முடியவில்லை.

"மாப்ள, போன வருசம் நீ நெனவு தப்புறதுக்கு முந்தி நான் ஒன்ன அறைஞ்சேன். குடிச்சிருக்கன்னு நெனச்சு. ஊரு முழுக்கப் பாத்துச்சு. ஒங்கிட்ட சொல்லல."

அவன் குடித்து முடித்தான். முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் மச்சான். ஆஸ்பத்திரியில வச்சே அக்கா சொல்லுச்சு" என்றான். "அது எனக்கு ஞாபகமே இல்ல, அத விடுங்க. ஒங்ககிட்டத் தண்ணி கேட்டது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

டம்ளரைப் பானை மேல் கவிழ்த்துவிட்டு ஆடப் போனான்.